குலுக்கலும் காணும் ஆற்றலும்

'இல்லை' என்று சொல்வது வேறு. 'என் கண்ணில் படவில்லை' என்று சொல்வது வேறு. வீட்டில் தொலைந்த பொருளைத் தேடிவிட்டு வந்து, 'அங்கே இல்லை' என்று ஒருவன் சொன்னால், எந்த விளக்கை எடுத்துச் சென்றாய், எவ்வளவு நேரம் தேடினாய் என்று கேட்ட பிறகே அவன் சொல்லை நாம் ஏற்கிறோம். இந்த எளிய வேறுபாட்டை ஆராய்ச்சி உலகம் அடிக்கடி மறந்திருக்கிறது. 1978-ஆம் ஆண்டில் ஃப்ரைமனும் அவருடன் பணியாற்றியவர்களும், இரு சிகிச்சைகளுக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை என்று முடிவு கூறிய 71 மருத்துவச் சோதனைகளை எடுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் 50 சோதனைகள், புதிய சிகிச்சை நோயின் தீங்கைப் பாதியாகக் குறைத்திருந்தாலும், அதைக் காணாமல் விட்டுவிடும் அபாயம் நூற்றுக்குப் பத்துக்கும் மேலாக உடையவை. பயன் தரக்கூடிய மருந்துகள் சில, போதிய நோயாளிகளைச் சேர்க்காத காரணத்தாலேயே, பயனற்றவை என்று ஒதுக்கப்பட்டிருக்கலாம் அல்லவா?

இவ்வுரையில் நான் ஒரு சோதனை முறையின் வரலாற்றைக் கூற எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வரிசைமாற்றச் சோதனை என்று பெயர். குலுக்கல் சோதனை என்று எளிமையாகவும் சொல்லலாம். அந்த வரலாறு இரண்டு கேள்விகளின் வரலாறு. 'கண்ட வேறுபாடு தற்செயலாக வந்திருக்கக் கூடுமா?' என்பது முதற்கேள்வி. 'வேறுபாடு மெய்யாகவே இருந்தால், இந்தச் சோதனை அதைக் காணுமா?' என்பது இரண்டாம் கேள்வி. முதற்கேள்விக்கு விடை தேடியவர் பலர். இரண்டாவதைக் கேட்டவர் சிலர்.

கதை தேநீரில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னும் இடத்திலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில், 1919-ஆம் ஆண்டு முதல் ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் பணியாற்றி வந்தார். பாசிகளை ஆராய்ந்துவந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையாரும் அங்கே இருந்தார். கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்லிவிட முடியும் என்பது அந்த அம்மையாரின் உறுதி. இந்நிகழ்ச்சியே வித்தாக, ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட தம் 'சோதனைகளின் அமைப்பு' என்னும் நூலில், பெயர் குறிப்பிடாமல் ஒரு சோதனையை விவரித்தார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். அவற்றின் வரிசை குலுக்கலால் முடிவு செய்யப்படுகிறது. எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 70. சுவை அறியாத ஒருவர் குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு எழுபதில் ஒன்று.

இந்தச் சோதனையின் அழகு, அது இயற்கையைப் பற்றி எந்த ஊகத்தையும் வேண்டாமையே. சுவைகள் எவ்வாறு பரவியிருக்கின்றன, மணிவடிவ வளைகோட்டுக்கு அவை அடங்குமா என்றெல்லாம் கேட்க வேண்டியதில்லை. குலுக்கியது நாம், ஆகவே குலுக்கலின் கணக்கு நமக்குத் தெரியும். அவ்வளவே.

இனி, சற்று மாற்றிப் பார்ப்போம். அந்த அம்மையாருக்கு உண்மையாகவே நுண்ணிய நாக்கு இருக்கிறது. ஆனால் ஒரு கோப்பையில் மட்டும் தடுமாறிவிட்டார் என்று கொள்வோம். ஒன்று தவறினால் அதற்கு இணையாக மற்ற வகையிலும் ஒன்று தவறும். இவ்வாறு தவறும் வழிகள் 16. முழுதும் சரியான ஒரு வழியையும் சேர்த்தால் 17. எழுபதில் பதினேழு என்பது நூற்றுக்கு 24. அவ்வளவு எளிதில் தற்செயலாக நிகழக்கூடியதை ஒருவரும் சான்றாகக் கொள்ளார். ஆகவே, பத்து நாளில் ஆறு நாள் பிழையின்றிச் சொல்லி, நான்கு நாள் ஒரு கோப்பையில் தடுமாறும் ஒருவரை இந்தச் சோதனை பத்தில் நான்கு தடவை 'திறமை உண்டென்பதற்குச் சான்றில்லை' என்று திருப்பி அனுப்பிவிடும். எஞ்சிய ஆறு பங்கே, அதாவது நூற்றுக்கு 60-தான், அவரைப் பொறுத்தவரை இச்சோதனையின் காணும் ஆற்றல்.

இப்போது கோப்பைகளைப் பன்னிரண்டாக்குவோம், ஆறும் ஆறும். வழிகள் 924. முழுதும் சரியானது ஒன்று. ஒரு தடுமாற்றம் உள்ளவை 36. இரண்டும் சேர்ந்து 37. அது நூற்றுக்கு நான்கே. எனவே நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான எல்லைக்குள் ஒரு தடுமாற்றம் மன்னிக்கப்படுகிறது. நாக்கு மாறவில்லை, உண்மை மாறவில்லை. கோப்பைகளின் எண்ணிக்கை மாறிய மாத்திரத்தில் சோதனையின் கண் கூர்மை பெற்றுவிட்டது. சோதனையைப் பெரிதாக்கினால் அது நுண்ணியதாகும் என்பதை ஃபிஷரும் அந்நூலில் எடுத்துக் கூறியிருக்கிறார்.

அதே நூலில் அவர் சார்லஸ் டார்வினின் சோளச் செடிகளையும் எடுத்துக்கொண்டார். அயல் மகரந்தச் சேர்க்கையால் பிறந்த செடியையும் தன் மகரந்தச் சேர்க்கையால் பிறந்த செடியையும் இணை இணையாக வளர்த்து, 15 இணைகளின் உயரங்களை டார்வின் அளந்திருந்தார். இரண்டும் ஒன்றே என்றால், ஒவ்வோர் இணையிலும் எது எதன் இடத்தில் நின்றாலும் ஒன்றுதான். அப்படி மாற்றி மாற்றி வைக்கும் வழிகள் 32,768. அவை அனைத்தையும் கருதி, டார்வின் கண்ட அளவு அல்லது அதற்கு மேற்பட்ட வேறுபாடு 1,726 வழிகளில் தோன்றும் என்று ஃபிஷர் காட்டினார். அது நூற்றுக்கு ஏறத்தாழ 5.3 ஆகும்.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இக்கணக்குகள் எவ்வளவு உழைப்பைக் கேட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1933-இல், இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஈடனும், ரோதம்ஸ்டெட்டின் யேட்ஸும் சேர்ந்து, கோதுமைப் பயிரின் உயரங்களை எடுத்துக்கொண்டு ஆயிரம் தடவை குலுக்கிக் கணக்கிட்டார்கள். கோட்பாடு சொன்னதும் குலுக்கல் சொன்னதும் பொருந்தி நின்றன. அவர்களுக்கு முன்பே, 1908-இல், டப்ளின் நகரத்து கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த காசெட் என்பவர், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில், 3,000 சிறைக்கைதிகளின் உயரத்தையும் விரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதிக் குலுக்கி, நான்கு நான்காக 750 மாதிரிகள் எடுத்துத் தம் கோட்பாட்டைச் சரிபார்த்திருந்தார். 1937, 1938 ஆகிய ஆண்டுகளில், டாஸ்மேனியாவிலிருந்த பிட்மன் என்ற கணிதப் பேராசிரியர், எந்தக் கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரிகளுக்கும் பொருந்தும் வகையில் இம்முறையைப் பொதுமைப்படுத்தினார்.

இரண்டாம் கேள்விக்கு முறையான வடிவம் கொடுத்தவர்கள் ஜெர்சி நெய்மன், ஈகன் பியர்சன் என்ற இருவர். 1928-இல் தொடங்கி 1933-இல் முதிர்ந்த அவர்களுடைய கட்டுரைகள், பிழைகள் இருவகை என்று பிரித்தன. இல்லாத வேறுபாட்டை உண்டென்பது முதல்வகைப் பிழை. உள்ள வேறுபாட்டைக் காணாமல் விடுவது இரண்டாம்வகைப் பிழை. இரண்டாம்வகைப் பிழை நேராமல் தப்பும் வாய்ப்பே சோதனையின் ஆற்றல். ஃபிஷர் இவ்வாறு கணக்கிடுவதை விரும்பவில்லை. நுண்மை வேண்டும் என்று சொன்னவரே அதை எண்ணால் அளப்பதை எதிர்த்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிஷர் ஒரு துறைக்கும் ஈகன் பியர்சன் மற்றொரு துறைக்கும் தலைவர். ஒரே கட்டடத்தில் இருந்தும் கருத்துப் பகை தீரவில்லை. நெய்மன் 1938-இல் அமெரிக்காவுக்குச் சென்றார். ஃபிஷர் 1962-இல் காலமாகும் வரை அந்த வழக்கு முடியவில்லை. அறிஞர்களின் சண்டைக்கு விலை கொடுத்தவர்கள் மாணவர்கள். பாடநூல்களில் முதற்கேள்விக்கு அதிகாரங்கள் பெருகின, இரண்டாவதற்குப் பக்கங்கள் குறைந்தன என்பதே என் எண்ணம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. குலுக்கல் சோதனை ஊகங்களைக் கைவிடுவதால் ஆற்றலை இழக்குமோ என்ற ஐயம் எழுந்தது. 1952-இல் ஹெஃப்டிங் என்பவர், மாதிரி பெரிதாகப் பெரிதாக, குலுக்கல் சோதனையின் ஆற்றல் பழைய முறையின் ஆற்றலையே எட்டும் என்று பல சூழல்களுக்கு நிறுவினார். 1957-இல் ட்வாஸ் என்பவர், எல்லா வரிசைமாற்றங்களையும் எண்ண வேண்டியதில்லை, அவற்றிலிருந்து ஒரு பகுதியைக் குலுக்கி எடுத்தாலே போதும், அதனால் ஆற்றலில் நேரும் இழப்பு சிறிதே என்று காட்டினார். எனினும் 'மாதிரி பெரிதாக இருந்தால்' என்ற சொற்றொடரை நாம் மறக்கலாகாது.

இனி வலையமைப்புகளுக்கு வருவோம். மனிதர்களைப் புள்ளிகளாகவும் அவர்களுடைய நட்பைக் கோடுகளாகவும் வரைந்தால் கிடைப்பது வலையமைப்பு. 1934-இல் வெளிவந்த தம் நூலில் மொரீனோ என்ற அறிஞர், நியூயார்க் மாநிலத்துப் பெண்கள் பயிற்சிப் பள்ளி ஒன்றின் மாணவியர் யார் யாரைத் தேர்ந்தெடுத்தனர் என்று இப்படி வரைந்து காட்டினார். 1938-இல் அவரும் ஜென்னிங்ஸ் அம்மையாரும், மெய்யான தேர்வுகளைத் தற்செயலால் அமைத்த தேர்வுகளோடு ஒப்பிட்டனர். ஒருவரை ஒருவர் பரஸ்பரம் தேர்ந்தெடுத்த இணைகள், தற்செயல் தருவதைக் காட்டிலும் மெய்யான வலையில் மிகுதியாக இருந்தன. குலுக்கல் என்னும் கருவி வலைக்குள் புகுந்த பழைய நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று.

ஆனால் வலையின் கோடுகள் சோளச் செடிகளைப் போல் தனித்தனியானவை அல்ல. ஊரில் எல்லோருக்கும் வேண்டிய ஒருவர் இருந்தால், அவர் ஒருவராலேயே பல கோடுகள் சேர்ந்து தோன்றும். அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவது, ஒரே சாட்சியைப் பல பெயரில் நீதிமன்றத்தில் நிறுத்துவதற்கு ஒப்பாகும். 1967-இல், புற்றுநோய் சில இடங்களில் சில காலங்களில் கூட்டமாகத் தோன்றுகிறதா என்று ஆராய்ந்த மேன்டல் இதற்கு ஒரு வழி சொன்னார். கோடுகளைத் தனித்தனியே குலுக்காதே. புள்ளிகளின் பெயர்களைக் குலுக்கு, கோடுகள் அவற்றோடு தாமே நகரும் என்பது அவ்வழியின் சாரம். இக்காலத்தில் நோயாளிகளின் மூளை வலைகள் ஒரு தொகுதி, நலமுள்ளோரின் மூளை வலைகள் மற்றொரு தொகுதி என்று இரண்டு தொகுதிகளை ஒப்பிடும்போதும் கொள்கை அதுவே. ஒருவருடைய முழு வலையையும் ஒரு சீட்டாகக் கொண்டு, 'நோயாளி', 'நலமுள்ளவர்' என்ற பெயர்களை மட்டும் மாற்றிப் போட வேண்டும்.

இங்கேதான் ஆற்றல் பற்றிய கேள்வி கூர்மையாகிறது. மூளையை 90 பகுதிகளாகப் பிரித்தால், இரண்டிரண்டாகச் சேரும் இணைப்புகள் 4,005. ஒவ்வோர் இணைப்பையும் நூற்றுக்கு ஐந்து என்ற எல்லையில் தனியே சோதித்தால், எந்த வேறுபாடும் இல்லாதபோதே ஏறத்தாழ 200 இணைப்புகள் வேறுபட்டவையாகத் தோன்றும். அதைத் தவிர்க்க எல்லையை 4,005-ஆல் வகுத்தால், ஓர் இணைப்பு தேற வேண்டிய எல்லை 80,100-இல் ஒன்றாகிறது. எட்டு நோயாளிகள், எட்டு நலமுள்ளோர் என்று வைத்துக்கொள்வோம். பெயர்களை மாற்றிப் போடும் வழிகள் 12,870 மட்டுமே. ஆகவே மிகப் பெரிய வேறுபாடுகூட 12,870-இல் ஒன்று என்ற அளவுக்குக் கீழே போக முடியாது. எல்லை எட்டாத உயரத்தில் இருக்கிறது! நோய் மூளையைத் தலைகீழாக மாற்றியிருந்தாலும் இந்தச் சோதனை அதைச் சொல்லாது. முதல் நோயாளி கருவிக்குள் படுப்பதற்கு முன்பே அதன் ஆற்றல் சுழியம். ஒன்பதும் ஒன்பதும் என்றாலும் வழிகள் 48,620 தான். பத்தும் பத்தும் ஆகும்போதே, அதாவது 1,84,756 வழிகள் கிடைக்கும்போதே, கதவு சிறிது திறக்கிறது.

வேறு வழி உண்டா? உண்டு. ஒவ்வொரு குலுக்கலிலும் 4,005 வேறுபாடுகளுள் மிகப் பெரியதை மட்டும் குறித்துக்கொண்டு, அவற்றின் பரவலோடு நாம் கண்டதை ஒப்பிடலாம். அப்போது எட்டும் எட்டும் இருந்தாலே எல்லை எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். 2010-இல் ஸலெஸ்கி, ஃபொர்னிட்டோ, புல்மோர் என்ற மூவர், தனி இணைப்பைத் தேடாமல் ஒன்றோடொன்று தொடர்ந்து நிற்கும் இணைப்புகளின் கொத்தைத் தேடும் முறையைத் தந்தனர். வேறுபாடு கொத்தாக இருந்தால் ஆற்றல் பெருகும். அதற்கு ஒரு விலையும் உண்டு: கொத்து மாறியது என்று சொல்லலாமேயன்றி, அதிலுள்ள இந்த இணைப்பு மாறியது என்று உறுதிகூற முடியாது.

எதை அளக்கிறோம் என்பதும் ஆற்றலைத் தீர்மானிக்கும். ஆறு ஊர்களும் ஆறு சாலைகளும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாவட்டத்தில் ஆறு ஊர்களும் வட்டமாக இணைந்திருக்கின்றன. மற்றொன்றில் மூன்று மூன்று ஊர்களாக இரு முக்கோணங்கள். ஒரு முக்கோணத்திலிருந்து மற்றொன்றுக்கு வழியே இல்லை. இரண்டிலும் சாலைகள் ஆறு. இரண்டிலும் ஒவ்வோர் ஊருக்கும் சாலை இரண்டு. சாலைகளை எண்ணும் சோதனை, ஆயிரம் மாவட்டங்களைப் பார்த்தாலும் இவ்விரண்டையும் பிரித்தறியாது. முக்கோணங்களை எண்ணும் சோதனையோ ஒரு நொடியில் அறியும். ஆகவே 'இச்சோதனையின் ஆற்றல் எவ்வளவு?' என்று பொதுவாகக் கேட்பது நிறைவான கேள்வி அன்று. எந்த வேறுபாட்டைக் காணும் ஆற்றல் என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

அந்த ஆற்றலை எப்படி மதிப்பிடுவது? வலைகளின் உலகில் அதற்குக் கையடக்கமான சூத்திரம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. காசெட்டின் அட்டைத் துண்டுகளே மீண்டும் கைகொடுக்கின்றன; இப்போது அவை கணிப்பொறிக்குள் இருக்கின்றன. முதலில், நமக்கு முக்கியமான வேறுபாடு எது, எவ்வளவு என்று முடிவு செய்கிறோம். அந்த வேறுபாடு மெய்யாகவே உள்ள ஒரு கற்பனை உலகைப் படைக்கிறோம். அதிலிருந்து, நாம் சேர்க்க எண்ணியுள்ள எண்ணிக்கையில் இரு தொகுதி வலைகளை உண்டாக்குகிறோம். அவற்றின் மீது குலுக்கல் சோதனையை முழுமையாக நடத்தி, வேறுபாடு கண்டதா இல்லையா என்று குறிக்கிறோம். இவ்வாறு ஆயிரம் உலகங்கள். ஒவ்வோர் உலகிலும் ஆயிரம் குலுக்கல் என்றால் மொத்தம் பத்து லட்சம் கணக்கு. ஆயிரம் உலகங்களில் 800-இல் வேறுபாடு தென்பட்டால், ஆற்றல் நூற்றுக்கு 80. இம்மதிப்பீடு இருபுறமும் நூற்றுக்கு இரண்டரை அளவு பிசகலாம். போதாது என்று கண்டால் ஆட்களைக் கூட்டியோ அளவையை மாற்றியோ மீண்டும் பார்க்கிறோம். வேறுபாடே இல்லாத உலகையும் ஒரு முறை படைத்து, சோதனை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்துகொள்வதும் நல்ல வழக்கம்.

இதனை ஆராய்ச்சிக்கு முன் செய்ய வேண்டும். முடிவு வந்த பின், கண்ட வேறுபாட்டையே மெய்யென்று வைத்து ஆற்றலைக் கணக்கிடுவது, முதற்கேள்வியின் விடையையே வேறு உடையில் காட்டுவதாகும். புதிதாக எதையும் அது சொல்லாது. 2001-இல் ஹோனிக், ஹைசி என்ற இருவர் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டினர்.

1962-இல் ஜேக்கப் கோஹன் என்பவர், ஓர் உளவியல் இதழில் 1960-இல் வந்த ஆராய்ச்சிகளை எடுத்து, நடுத்தர அளவு வேறுபாட்டைக் காணும் அவற்றின் ஆற்றல் சராசரியாகப் பாதிக்கும் சற்றுக் குறைவு என்று கண்டார். நாணயம் சுண்டியிருந்தாலும் ஏறத்தாழ அதே பலன். அரை நூற்றாண்டு சென்ற பின், 2013-இல், பட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் நரம்பியல் ஆராய்ச்சிகளை அளந்தபோது, நடுநிலை ஆற்றல் நூற்றுக்கு 21 என்று தெரியவந்தது. குறைந்த ஆற்றலின் தீமை, உண்மையைத் தவறவிடுவதோடு நிற்பதில்லை. மங்கிய கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றியது மட்டுமே தென்படும். ஆதலால், தென்பட்டதாக அறிவிக்கப்படும் வேறுபாடு மெய்யளவைவிடப் பெருத்தே காணப்படும். பின்னால் வருபவர் அதே சோதனையைச் செய்து பார்த்து ஏமாற்றமடைவார்.

அன்பர்களே, ஓர் ஆராய்ச்சிக்கு உடலைக் கொடுப்பவர் நோயாளி. பொருளைக் கொடுப்பது பொதுமக்கள். விடை தர இயலாத சோதனைக்கு அவர்களை அழைப்பது முறையாகாது. ஆகவே 'வேறுபாடு இல்லை' என்று ஓர் ஆராய்ச்சி கூறக் கேட்கும்போது, 'இருந்திருந்தால் கண்டிருப்பீர்களா?' என்று பணிவோடு கேட்கும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்லக்கூடிய ஆராய்ச்சியின் 'இல்லை' என்ற சொல்லும் நமக்குப் பயன்படும் அறிவாகும்.